வீட்டு வாயிலில் விளக்கு வரிசை

வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலையில் அமைந்துள்ளது எங்கள் கண்ணமங்கலம். மேற்கே ஜவ்வாது மலை நீண்டு கிடக்கிறது. கார்த்திகைத் தீபத்திற்கும் கிறிஸ்துமஸ் பண்டிகைக்கும் இடைப்பட்ட வாரங்களில் இவ்வட்டாரத்துத் தெருக்களில் மாலை வேளையில் நடப்பவர்கள் ஓர் இனிய காட்சியைக் காணலாம். திண்ணைகளில் அகல் வரிசை எரிந்து ஓய்ந்த சில நாட்களுக்கெல்லாம் வேறு சில வீடுகளின் வாயிலில் காகித நட்சத்திரங்கள் தொங்கத் தொடங்கும். கூரை விளிம்பில் வண்ண விளக்குச் சரங்கள் ஓடும். இவ்வாறு வீட்டை ஒளியால் அலங்கரிப்பதையே தம் பொழுதுபோக்காகக் கொண்டு, மாதக்கணக்கில் திட்டமிட்டுக் கம்பியும் பல்பும் சேகரிப்போர் உலகெங்கும் உளர். அப்பழக்கத்தின் வரலாற்றையே இன்று கூற எண்ணுகிறேன். விளக்கொளி எந்தக் காலத்தில் எவர் கைக்கு எட்டியது என்னும் கேள்வியை மனத்திற் கொண்டு கேளுங்கள், மாணவர்களே.

நம் நாட்டில் விளக்கு வரிசை மிகப் பழமையானது. அகநானூற்றின் 141ஆம் பாட்டில், மழை நீங்கிய வானத்தில் முழுமதி கார்த்திகை மீன்களைச் சேரும் இரவில், தெருக்களில் விளக்கேற்றி மாலை தொங்கவிட்டு ஊரார் விழாக் கொண்டாடும் செய்தியை நக்கீரர் கூறுகிறார். திருஞானசம்பந்தர் தம் மயிலாப்பூர்ப் பதிகத்தில் கார்த்திகை விளக்கீட்டைக் குறிப்பிடுகிறார்.

ஆனால் விளக்கெரிப்பது எளிய செலவன்று. இதற்குக் கல்வெட்டுகளே சான்று. சோழர் காலத்தில் ஒரு கோயிலில் நந்தா விளக்கு, அஃதாவது இரவும் பகலும் அணையாத விளக்கு, ஒன்றை வைக்க விரும்பியவர் பெரும்பாலும் 96 ஆடுகளைக் கொடுத்தார். சில இடங்களில் 90. அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். இறப்பனவற்றுக்கு ஈடாகக் குட்டிகள் வளர்ந்து வருமாதலால் மந்தை குறையாது என்னும் கருத்தில் அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்வெட்டுகள் வழங்கும். திருவண்ணாமலைக் கோயிலிலும் இத்தகைய விளக்குக் கொடைகள் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. ஒரு சுடருக்கு 96 ஆடு என்றால், இன்று ஒரு வாயிலில் மின்னும் 40 சிறு பல்புகளுக்கு 3,840 ஆடுகள் வேண்டும்! இது விளையாட்டுக் கணக்குதான். எனினும் ஒளியின் விலை எத்துணைச் சரிந்துள்ளது என்பதை உணர்த்த இதனினும் நல்ல கணக்கு எனக்குக் கிடைக்கவில்லை.

நெய்யும் எண்ணெயும் வாங்க இயலாதவர்கள் ஒளி விளையாட்டைக் கைவிட்டார்களா? இல்லை. அவர்களுக்கு மாவளி இருந்தது. ஆண்பனையின் பூக்கதிர்களை உலர்த்திக் குழியிலிட்டுக் கொளுத்தி, காற்றுப் புகாமல் மண்ணால் மூடிவிடுவர். காற்று இல்லாமையால் அவை சாம்பலாகாமல் கரியாகும். அக்கரியைப் பொடித்துத் துணியில் இறுகச் சுருட்டி, பிளந்த பனைமட்டைகளின் இடையே வைத்துக் கட்டி, ஒரு முனையில் கயிறு பிணைப்பர். நெருப்பிட்டுத் தலைக்குமேல் சுழற்றினால் பொறிகள் பொன்வட்டமாகச் சிதறும். பனையும் பழந்துணியும் இருந்தால் போதும், காசு வேண்டியதில்லை. இரசாயன வகுப்பில் கரி செய்யும் முறையை நடத்துகையில் நான் மாவளியைத்தான் எடுத்துக்காட்டாகக் கூறுவேன். புத்தகத்திலுள்ள படத்தைவிட அது பிள்ளைகளுக்கு விரைவில் விளங்கிற்று.

இனி நட்சத்திரத்திற்கு வருவோம். பண்டைய வட ஆற்காட்டுப் பகுதியில் கிறிஸ்தவம் பரவியது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில். ஸ்கடர் குடும்பத்தார் 1853இல் அமைத்த அமெரிக்க ஆற்காட்டு மிஷன் வேலூர், ஆரணிப் பக்கங்களில் பணியாற்றிற்று. பிரெஞ்சுக் கத்தோலிக்கக் குருமார் சேத்துப்பட்டைச் சுற்றி உழைத்தனர். இயேசு பிறந்தபோது கீழ்த்திசை ஞானிகளுக்கு வழிகாட்டிய விண்மீனைப் பற்றி மத்தேயு எழுதிய சுவிசேஷம் கூறுகிறது. அதன் நினைவாகவே வாயிலில் நட்சத்திரம் கட்டுகின்றனர். மூங்கிலைப் பிளந்து சீவி, நூலால் ஐந்து முனைகளாகக் கட்டி, பட்டம் செய்யும் வண்ணக் காகிதத்தை ஒட்டினால் நம் ஊர் நட்சத்திரம் ஆயத்தம். இலங்கையில் பௌத்தர்கள் வெசாக் திருநாளுக்குச் செய்யும் விளக்குக் கூடும் ஏறக்குறைய இவ்வகைக் கைவேலையே.

ஐரோப்பாவில் இதற்கு ஒரு பள்ளிக்கூட வரலாறு உண்டு. ஜெர்மனியின் நீஸ்கி என்னும் ஊரில் மொரேவிய சபையார் நடத்திய விடுதிப் பள்ளியில், 1830களில், வடிவ கணிதப் பயிற்சியாக மாணவர்கள் காகித நட்சத்திரம் செய்தனர். பிற்காலத்தில் நிலைபெற்ற வடிவத்தில் நாற்கோண அடியுள்ள கூம்புகள் 17, முக்கோண அடியுள்ளவை 8, ஆக 25 முனைகள். எஞ்சிய ஒரு முகம் உள்ளே விளக்கு வைப்பதற்கு! 1897இல் ஹெர்ன்ஹூட் நகரில் அதற்கு ஒரு தொழிலகமே தோன்றிற்று. மொரேவியர் நம் தரங்கம்பாடிக்கு 1760இலேயே வந்தவர்கள். ஆகவே நட்சத்திர விளக்கைத் தரங்கம்பாடியோடு முடிச்சுப் போட மனம் விழையும். ஆனால் அவர்கள் 1803இல் அங்கிருந்து சென்றுவிட்டனர். நட்சத்திரமோ அதற்கு ஒரு தலைமுறைக்குப் பின் பிறந்தது. காலக் கணக்கைப் பார்க்காமல் இரண்டு செய்திகளைப் பிணைத்துவிடுவது சரித்திர மாணவர் கூடாத காரியம்.

காகிதத்தினுள் திறந்த சுடர் வைப்பது ஆபத்து. மரத்தில் மெழுகுவர்த்தி கொளுத்துவது அதனினும் ஆபத்து. இவ்விடரைத் தீர்த்தது மின்சாரம். தாமஸ் எடிசனின் நியூயார்க் மின்நிலையம் 1882 செப்டம்பரில் இயங்கத் தொடங்கிற்று. அவ்வாண்டு டிசம்பர் 22ஆம் நாள், அவருடைய கூட்டாளி எட்வர்டு ஜான்சன் தம் வீட்டுக் கிறிஸ்துமஸ் மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகிய 80 சிறு பல்புகளைத் தொங்கவிட்டு, அம்மரத்தையும் மின்சாரத்தால் சுழலச் செய்தார். இன்றைய வீட்டு விளக்கலங்காரக்காரர்களுக்கெல்லாம் அவரே முன்னோடி. ஆனால் அதுவும் செல்வர் விளையாட்டாகவே இருந்தது. ஒவ்வொரு பல்பையும் இணைக்கக் கைதேர்ந்த மின்பணியாளர் தேவைப்பட்டார். 1903இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் முன்னரே இணைத்த சரங்களை விற்கத் தொடங்கியபின் நிலை சிறிது சிறிதாக மாறிற்று. கலிபோர்னியாவின் அல்டடீனாவில் 1920இல் ஒரு சாலையின் மரங்களுக்கே விளக்கிட்டனர். அம்மரங்கள் நம் இமயத்துத் தேவதாருக்கள் என்பதை இடையே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நம் மாநிலத்தில் 1930களில் பைக்காராவும் மேட்டூரும் மின்சாரம் தந்தன. 1957இல் மின்சார வாரியம் அமைந்தது. 1950களிலும் 1960களிலும் கிராமங்களுக்குக் கம்பி விரைந்து சென்றது. அது முதலில் கிணற்றுப் பம்புக்குச் சென்றது, அதுவே முறையுங்கூட. ஜவ்வாது மலையின் பல சிற்றூர்களுக்கோ சமவெளிக்கு வெகு காலம் பின்னரே எட்டிற்று. மலைமேல் மண்ணெண்ணெய் விளக்கில் பாடம் படித்த பிள்ளைகளுக்கும், கீழே ‘சீரியல் செட்’ கட்டி மகிழ்ந்த பிள்ளைகளுக்கும் இடையே சில மைல்தான் தூரம்.

அந்தச் சீரியல் செட் ஒரு நல்ல பௌதிகப் பாடம். 6 வோல்ட் பல்பு ஒன்றை 230 வோல்ட் மின்சாரத்தில் நேரே இணைத்தால் நொடியில் எரிந்துபோகும். ஏறத்தாழ 40 பல்புகளை வரிசையாகத் தொடுத்தால் அழுத்தம் பங்கிடப்பட்டு எல்லாம் ஒளிரும். அவற்றுள் ஒரு பல்பின் உள்ளே இருவகை உலோகம் பிணைந்த சிறு தகடு இருக்கும். சூடேறினால் வளைந்து இணைப்பைத் துண்டிக்கும். ஆறினால் மீண்டும் தொடும். சரம் கண்சிமிட்டுவதன் மருமம் அவ்வளவே. ஒரு பல்பு பழுதானால் சரம் முழுவதும் இருண்டுவிடும். நல்ல பல்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, இணைப்பைப் பிடுங்கிவிட்டு, ஒவ்வோர் இடமாக மாற்றிப் பார்த்துப் பழுதைக் கண்டுபிடித்த சிறுவர்கள் மின்னோட்டத்தைப் பற்றி அறிந்ததை நான் பல வகுப்புகளில் கற்பித்திருக்க முடியாது.

இப்போது எல்.இ.டி. சரங்கள் மலிந்துவிட்டன. சிவப்பு ஒளி தரும் எல்.இ.டி. 1962இலேயே வந்தது; பிரகாசமான நீல ஒளிக்கு 1990கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதனை ஆக்கிய அகாசாகி, அமானோ, நாகாமுரா மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. நீலம் கிடைத்தபின்னரே வெள்ளையும் எளிதாயிற்று. மின்சாரச் செலவு மிகக் குறைவு. கூலி வேலை செய்வோர் வீட்டு வாயிலும் இன்று ஒளிர்கிறது. ஒன்றுதான் குறை: சரம் கெட்டால் எவரும் திறந்து பார்ப்பதில்லை, எறிந்துவிட்டு வேறு வாங்குகின்றனர். ஆயினும் எங்கள் பக்கத்தில் சில வீட்டுப் பிள்ளைகள் டிசம்பர் பிறந்ததும் இன்றும் மூங்கில் சீவுகின்றனர். அந்த நட்சத்திரங்களின் உள்ளே எரிவது 9 வாட் எல்.இ.டி. பல்பு, வெளியே ஒட்டியிருப்பது பழைய பட்டக் காகிதம்.