கடலில் எடுத்த கல்

திருவேங்கடத்திலிருந்து விடிகாலையில் வண்டியைக் கிளப்புங்கள். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் என்று கரிசல் காடு கூடவே வரும். வேம்பாரை நெருங்கும்போது மண் வெளுத்து, பனை அடர்ந்து, உப்புக்காற்று முகத்தில் அடிக்கும். கடல் வந்தாச்சு!

ஆனால் மெரினா மாதிரி அலை எங்கே என்று தேடாதீர்கள். தூத்துக்குடியிலிருந்து பாம்பன் வரை கடலுக்குள் வரிசையாக நின்ற தீவுகள் 21. அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள். வருகிற அலையின் வேகத்தைப் பாதியில் உடைத்துவிடும் இயற்கைச் சுவர் அது.

பெயர்தான் பாறை. கட்டியது பொடிப்பொடியான உயிர்கள். கடல்நீரிலிருந்து சுண்ணாம்பைப் பிரித்து அவை வீடு கட்டிக்கொள்கின்றன. ஒன்று செத்தால் அதன் மேல் இன்னொன்று. உருண்டைப் பவளம் வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ஆளுயரப் பவளம் என்றால் வயசு நூறைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம்!

தீவுகளில் நம் இஷ்டத்துக்கு இறங்க முடியாது. பரவாயில்லை, கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து, கீழக்கரை, மண்டபம், பாம்பன் தாண்டி தனுஷ்கோடிக்குப் போங்கள். 1964 டிசம்பர் 22 இரவு புயல் விழுங்கிய ஊர். இடிந்து நிற்கும் தேவாலயத்தின் சுவரைக் கிட்டே போய்ப் பாருங்கள். கல்லில் தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன துளைகள். ஆமாம், பவளக்கல்!

அந்தக் காலத்தில் இது அதிசயமே இல்லை. கடலில் உடைத்து, வள்ளத்தில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். வீட்டுச் சுவருக்குக் கொஞ்சம், சுண்ணாம்புக் காளவாய்க்குக் கொஞ்சம், பின்னாளில் ஆலைகளுக்கும். கடல் சும்மா தருகிற கல்தானே என்று எல்லோருக்கும் நினைப்பு.

விலை பிறகுதான் தெரிந்தது. சுவர் போன இடத்தில் அலை நேராகத் தீவில் மோதியது. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. 1986-ல் இந்தக் கடல் தேசியப் பூங்காவானது. 2001-ல் பவளங்களுக்கு, புலிக்குக் கொடுத்த அதே சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. வெட்டுவது நின்றாலும் சோதனை நிற்கவில்லை. 2016-ல் கடல் சூடேறியதில் ஏராளமான பவளங்கள் வெளுத்துப்போயின.

தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான் தீவும் கரைந்துகொண்டே வந்தது. அதைக் காப்பாற்ற என்ன செய்தார்கள் தெரியுமா? கான்கிரீட்டில் செயற்கைப் பாறைகள் வார்த்துக் கடலில் இறக்கினார்கள். கடலிலிருந்து கல்லெடுத்துக் கரையில் சுவர் கட்டியவர்கள் நாம். இன்று கரையில் கல் வார்த்துக் கடலில் சுவர் கட்டுகிறோம்.

சாயங்காலம் அரிச்சல்முனை மணலில் நடக்கும்போது வெள்ளையாக ஒரு பவளத்துண்டு காலில் தட்டுப்படலாம். கையில் எடுத்துக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள், கதையையும் சொல்லுங்கள். அப்புறம் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வண்டி ஏறுங்கள்.