பிரிட்டனில் அரசு உதவித்தொகையும் உழைப்பு பற்றிய பொதுமக்கள் கருத்தும்

வேலையிழந்தோர், நோயாளிகள், மாற்றுத்திறனாளிகள், குறைந்த ஊதியக்காரர்கள், முதியோர் ஆகியோருக்கு பிரிட்டன் அரசு தரும் பணத்தை அங்குள்ள தமிழர்களும் 'பெனிபிட்' என்றே சொல்கிறார்கள். அதை வாங்குபவர் உண்மையிலேயே இயலாதவரா, உழைக்க மனமில்லாதவரா என்ற சந்தேகம் அந்நாட்டு அரசியலில் நானூறு ஆண்டுகளுக்கு மேலாக நீடிக்கிறது. சட்டங்கள் பலமுறை மாறியும் ஏழைகளைத் தகுதியுள்ளவர், தகுதியற்றவர் என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் போகவில்லை.

ஏழைச் சட்டங்கள்

முதலாம் எலிசபெத் காலத்து 1601ஆம் ஆண்டுச் சட்டம், ஏழைகளைக் காக்கும் பொறுப்பை ஒவ்வொரு திருச்சபைப் பங்கிடமும் ஒப்படைத்தது. முதியோருக்கும் உடல் ஊனமுற்றோருக்கும் உதவி, உடல் வலு உள்ளவருக்கு வேலை, வேலை செய்ய மறுப்பவருக்குத் தண்டனை என்பது ஏற்பாடு. 1795இல் பெர்க்‌ஷயர் மாவட்ட நீதிபதிகள் ஸ்பீனம்லாந்தில் கூடி, ரொட்டி விலைக்கும் குடும்ப அளவுக்கும் ஏற்பக் கூலிக்கு மேல் உதவி தரும் முறையை வகுத்தனர். பண்ணை முதலாளிகள் கூலியை உயர்த்தாமல் தப்பிக்க இது வழிவிட்டது என்றார்கள் சிலர். தொழிலாளியைச் சோம்பேறியாக்கியது என்றார்கள் வேறு சிலர். இரண்டாம் தரப்பே வென்றது.

அதன் விளைவு 1834ஆம் ஆண்டின் புதிய ஏழைச் சட்டம். உதவி வேண்டுமென்றால் ஏழையர் விடுதிக்குள் போக வேண்டும். வெளியே மிகக் குறைந்த கூலி வாங்கும் தொழிலாளியின் நிலையைவிட உள்ளிருப்பவர் நிலை தாழ்ந்திருக்க வேண்டும். கணவன், மனைவி, பிள்ளைகள் தனித்தனியே அடைக்கப்பட்டனர். ஆன்டோவர் விடுதியில் உரத்துக்காக எலும்பு நொறுக்கியவர்கள் பசி பொறுக்காமல் அதே எலும்புகளைக் கடித்துத் தின்றது 1845இல் வெளியாகி நாட்டை அதிரவைத்தது.

வறுமை ஆய்வாளர் சீபம் ரவுன்ட்ரீ 1899இல் யார்க் நகரில் வீடு வீடாகக் கணக்கெடுத்தபோது, கொடிய வறுமைக்குப் பெருங்காரணம் குறைந்த கூலி என்று தெரிந்தது. ஆனாலும் 70 வயதானோருக்கு வாரம் 5 ஷில்லிங் வரை தந்த 1908ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டம், வாழ்நாளில் உழைக்காமல் இருந்ததாகக் கருதப்பட்டவர்களை ஒதுக்கியது. 1911இல் வந்த தேசியக் காப்பீட்டில் தொழிலாளி, முதலாளி, அரசு மூவரும் பணம் கட்டினர். கட்டியவன் கை நீட்டுவது பிச்சையல்ல, உரிமை என்ற எண்ணம் இதிலிருந்தே வேர்விட்டது.

1931இன் குடும்ப வருமானச் சோதனை அந்த எண்ணத்தைக் காயப்படுத்தியது. அதிகாரி வீட்டுக்குள் வந்து மகன், மகள் சம்பாத்தியத்தையும் கணக்கில் சேர்த்துத் தகப்பனின் தொகையைக் குறைத்தார். அந்த அவமானத்தின் நினைவு, சமூகக் காப்பீடு பற்றி 1942இல் வெளியான பெவரிட்ஜ் அறிக்கைக்குக் கிடைத்த வரவேற்பில் தெரிந்தது. இலவசப் படியைவிட, கட்டிய சந்தாவுக்கு ஈடாகக் கிடைக்கும் தொகையையே மக்கள் விரும்புகிறார்கள் என்பது பெவரிட்ஜின் கணிப்பு. 1948இல் பழைய ஏழைச் சட்டம் முறைப்படி நீக்கப்பட்டது.

ஓசிச் சோறு என்னும் குற்றச்சாட்டு

போருக்குப் பிந்தைய இணக்கம் 1970களில் கலைந்தது. 1976இல் ஒரு மோசடி வழக்கைப் பிடித்துக்கொண்டு நாளிதழ்கள் 'ஓசியில் வாழ்பவர்' மீது தொடர்ந்து பாய்ந்தன. 1981இல் நகரக் கலவரங்களுக்குப் பின் அமைச்சர் நார்மன் டெபிட், 1930களில் வேலையில்லாமல் இருந்த தன் தந்தை கலகம் செய்யாமல் சைக்கிளில் ஏறி வேலை தேடினார் என்று கட்சி மாநாட்டில் பேசினார். வேலையற்றோர் எண்ணிக்கை 30 இலட்சத்தை நெருங்கிக்கொண்டிருந்த காலம் அது. தேடினால் கிடைத்திருக்குமா என்பது வேறு கேள்வி.

2012 மாநாட்டில் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் தீட்டிய காட்சி இன்னும் எடுபட்டது: விடியுமுன் வேலைக்குக் கிளம்பும் தொழிலாளி, உதவித்தொகையில் வாழும் பக்கத்து வீட்டுக்காரரின் மூடிய சன்னல் திரையை அண்ணாந்து பார்க்கிறார். இரவுப் பணி முடித்துத் தூங்குபவர் வீட்டுத் திரையும் மூடித்தான் இருக்கும். அதே ஆண்டு லிஸ் டிரஸ் உள்ளிட்ட ஐந்து கன்சர்வேடிவ் எம்பிக்கள் எழுதிய 'பிரிட்டானியா அன்செயின்ட்' நூல், பிரிட்டன் தொழிலாளர்களை உலகின் பெரும் சோம்பேறிகளில் சேர்த்தது. 2014இல் பர்மிங்காமின் ஒரு தெருவைக் காட்டிய சேனல் 4 தொடரான 'பெனிபிட்ஸ் ஸ்ட்ரீட்' கடும் சர்ச்சையைக் கிளப்பியது. 2016இல் இயக்குநர் கென் லோச்சின் 'ஐ, டேனியல் பிளேக்' படம் மறுபக்கத்தைக் காட்டி கான் திரைவிழாவின் தங்கப் பனை விருதை வென்றது.

கணிப்புகள்

1983இல் தொடங்கிய 'பிரிட்டிஷ் சமூக மனப்பான்மை' ஆய்வு மாற்றத்தை அளக்க உதவுகிறது. வரி உயர்ந்தாலும் ஏழைகளுக்கான உதவியைக் கூட்ட வேண்டும் என்றவர்கள் 1989இல் 61 சதவீதம். 2009இல் 27 சதவீதம். முன்பெல்லாம் வேலையின்மை கூடும்போது இரக்கமும் கூடும். 2008 நிதி நெருக்கடியில் அப்படி நடக்கவில்லை. சரிவில் முன்னே போனவர்கள் தொழிற்கட்சி ஆதரவாளர்கள் என்பது கவனிக்கத்தக்கது. டோனி பிளேர் தலைமையில் அவர்கள் கட்சியே உதவியைவிட வேலையைப் பற்றி அதிகம் பேசத் தொடங்கியிருந்தது. அரசின் சிக்கன நடவடிக்கைகளுக்குப் பின் காற்று திரும்பியது: வேலையற்றோர் உதவி பெறுவோரில் பெரும்பாலோர் ஏமாற்றுகிறார்கள் என்றவர்கள் 2016இல் 22 சதவீதமே. 1986இல் அக்கேள்வி கேட்கத் தொடங்கியதிலிருந்து அதுவரை அதுவே மிகக் குறைவு.

கருத்துக்கும் கணக்குக்கும் இடைவெளி பெரிது. 2013 தொடக்கத்தில் தொழிற்சங்கக் காங்கிரஸ் வெளியிட்ட யூகவ் நிறுவனக் கணிப்பில், உதவிச் செலவில் 41 சதவீதம் வேலையற்றோருக்குப் போவதாக மக்கள் சராசரியாக நினைத்தனர்; உண்மையில் 3 சதவீதம். மோசடி 27 சதவீதம் என்று எண்ணினர். அரசுக் கணக்கில் 0.7. மிகப்பெரிய பங்கு ஓய்வூதியர்களுக்கே போகிறது, ஆனால் அவர்களை யாரும் ஓசி என்பதில்லை. மூன்று தலைமுறையாக வேலையே பார்க்காத குடும்பங்கள் பற்றி அரசியல்வாதிகள் அடிக்கடி பேசுவதுண்டு. 2012இல் கிளாஸ்கோவிலும் மிடில்ஸ்பரோவிலும் தேடிய ஆய்வாளர்களுக்கு அப்படி ஒரு குடும்பமும் கிடைக்கவில்லை.

வேலையைப் பற்றிய மனநிலையும் இறுகி நிற்கவில்லை. 2023இல் வெளியான உலக மதிப்பீடுகள் ஆய்வுப் பகுப்பாய்வில், வாழ்க்கையில் வேலை முக்கியம் என்றவர்கள் பிரிட்டனில் 73 சதவீதம். ஒப்பிடப்பட்ட 24 நாடுகளில் இதுவே கடைசி இடம்.

இரு குழந்தை வரம்பு

2017 ஏப்ரலுக்குப் பின் பிறந்த மூன்றாம் குழந்தைக்கு உதவி மறுக்கும் விதியைக் கணிப்புகளில் பெரும்பான்மையோர் ஆதரித்தே வந்தனர். சம்பளத்தில் வாழும் தம்பதியும் வரவு செலவு பார்த்துத்தானே பிள்ளை பெறுகிறார்கள் என்பது அவர்கள் வாதம். விதியால் பாதிக்கப்பட்ட குடும்பங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் யாரேனும் ஒருவர் வேலையில் இருந்தார். 2026 ஏப்ரல் முதல் அது நீக்கப்படும் என்று 2025 நவம்பர் பட்ஜெட்டில் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் அறிவித்தார்.