அணுமின் நிலைய நீராவி விடுவிப்பு வால்வுகள்

அணு உலையிலோ அதனோடு இணைந்த நீராவிக் குழாய்களிலோ அழுத்தம் வரம்பை நெருங்கும்போது திறந்து ஆவியை வெளியேற்றி, அழுத்தம் தணிந்ததும் மூடிக்கொள்ளும் கருவி விடுவிப்பு வால்வு. ஸ்பிரிங்கின் இறுக்கத்தை மட்டும் நம்பி, மின்சாரமோ மனிதக் கையோ இல்லாமல் இயங்குவதைப் பாதுகாப்பு வால்வு என்றும், கட்டுப்பாட்டு அறையிலிருந்து திறக்கவும் மூடவும் முடிவதை விடுவிப்பு வால்வு என்றும் பிரித்துச் சொல்வது வழக்கம். கொதிநீர் உலைகளில் ஒரே வால்வு இரண்டு வேலையையும் பார்ப்பதால், அங்கே பெயரும் சேர்ந்தே வரும்.

இதன் தத்துவம் பழையது. 1679-இல் தெனி பாப்பென் செய்துகாட்டிய அழுத்தச் சமையல் கலத்தின் வால்வுதான் வீட்டுக் குக்கரின் வெயிட்டுக்கு மூதாதை. ஆவி வெயிட்டைத் தூக்கும், விசிலடிக்கும், அழுத்தம் குறைந்ததும் வெயிட் மறுபடி உட்காரும். அதே மூடியில் ஓரமாக இருக்கும் சேஃப்டி வால்வின் போக்கு வேறு. வெயிட்டின் துளை அடைத்துக்கொண்டாலோ தண்ணீர் வற்றினாலோ அது உருகி வழிவிடும். ஒருமுறை போனால் போனதுதான். கடையில் புதிது வாங்கி மாட்டவேண்டும். அணு உலையின் குளிர்விப்புச் சுற்றில் இந்த இரண்டாம் வகைக்கு இடமில்லை. அங்கே திறந்த வால்வு மூடாமல் நின்றால் அது பாதுகாப்புக் கருவியாக இருப்பதை விட்டு, உலையின் தண்ணீரை வெளியே கொட்டும் ஓட்டையாகிவிடும்.

ஓட்டை ஏன் அவ்வளவு ஆபத்து என்பதற்கு எச்ச வெப்பம் காரணம். குக்கர் பொங்கினால் அடுப்பை அணைத்துவிடலாம். அணு உலையில் தொடர்வினையை நொடிகளில் நிறுத்தினாலும், பிளவில் உண்டான கதிரியக்கப் பொருள்கள் சிதைந்துகொண்டே வெப்பம் தரும். நிறுத்திய மறுகணம் அது முழுத்திறனில் ஏறக்குறைய 6 சதவீதம். ஒரு மணி நேரம் கழித்தும் 1 சதவீதத்துக்கு மேல். பெரிய உலையில் 1 சதவீதம் என்பதே 30 மெகாவாட் வெப்பம். அதை எடுத்துச் செல்லத் தண்ணீர் வேண்டும். ஆக, வால்வு திறக்காவிட்டால் கலம் வெடிக்கலாம். மூடாவிட்டால் எரிபொருள் உருகலாம்.

வால்வுகள் அமரும் இடம் உலையின் வகையைப் பொறுத்தது. அழுத்தநீர் உலையில் எரிபொருளைத் தழுவி ஓடும் தண்ணீர் கொதிக்காமலிருக்க அதை 155 பார் அளவுக்கு அழுத்தி வைப்பார்கள். இந்த முதன்மைச் சுற்றின் உச்சியில் அழுத்தச் சீராக்கி என்ற உயரமான கலம் நிற்கும். அதன் மேல்பாதியில் ஆவி. விடுவிப்பு வால்வுகளும் பாதுகாப்பு வால்வுகளும் அதன் தலையில் இருக்கும். அவற்றிலிருந்து வரும் ஆவி கதிரியக்கம் கலந்தது என்பதால், காப்புக் கட்டடத்துக்குள்ளேயே உள்ள ஒரு தொட்டித் தண்ணீரில் பாய்ச்சிக் குளிர்விக்கப்படும். முதன்மைச் சுற்றின் வெப்பத்தை நீராவிக் கலன்களில் வாங்கிக் கொதிக்கும் இரண்டாம் சுற்றின் ஆவி டர்பைனுக்குப் போகும் சாதாரண நீராவி; அந்தக் குழாய்களின் வால்வுகள் நேரே வானத்தில் ஊதிவிடலாம். கூடங்குளத்தின் ரஷ்ய வகை உலைகளும் இந்த அமைப்பைச் சேர்ந்தவையே. கொதிநீர் உலையில் இரண்டாம் சுற்று கிடையாது. உலையில் கொதித்த ஆவியே டர்பைனைச் சுழற்றுவதால், அதன் வால்வுகள் ஆவியைக் காப்புக் கட்டடத்தின் அடியிலுள்ள பெரிய நீர்க்குளத்துக்குள் இறக்கும்.

இந்த வால்வுகளுக்கான விதிகளின் வேர் அணுசக்திக்கு முந்தையது. 1905 மார்ச் 20 அன்று அமெரிக்காவின் பிராக்டன் நகரில் ஒரு காலணித் தொழிற்சாலையின் கொதிகலன் வெடித்து 58 பேர் இறந்தார்கள். அதையொட்டி எழுந்த சட்டங்களின் தொடர்ச்சியாக அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் கொதிகலன் விதித்தொகுப்பை உருவாக்கியது. அதன் மூன்றாம் பிரிவு, 1963-இல், அணு உலைக் கலங்களுக்கென வந்தது. பல நாடுகள் இதையே அடிப்படையாகக் கொள்கின்றன.

இந்த விதிகளில் மையமானது ஓர் எண். எதிர்பார்க்கத்தக்க எந்தக் கோளாற்றிலும் கலத்தின் அழுத்தம் அதன் வடிவமைப்பு அழுத்தத்தில் 110 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அமெரிக்க அழுத்தநீர் உலைகளில் வடிவமைப்பு அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 2,485 பவுண்டு. உச்ச வரம்பு 2,735 பவுண்டு. கார் டயரில் 30, 35 பவுண்டு காற்றடிப்பதை நினைத்தால் அளவு பிடிபடும். இதற்கேற்ப ஒவ்வொரு வால்வும் எவ்வளவு ஆவியைக் கடத்தும் என்பது கணக்கில் மட்டும் இருந்தால் போதாது, அளந்து சான்றளிக்கப்பட வேண்டும். பல வால்வுகள் இருக்கும் இடத்தில் திறப்பழுத்தத்தைச் சற்று முன்பின்னாக வைப்பார்கள். சிறு ஏற்றத்துக்கு ஒன்றிரண்டு திறந்தால் போதும். எல்லாம் ஒரே கணத்தில் திறந்தால் குழாய்கள் அந்த அதிர்ச்சியைத் தாங்கவேண்டும்.

இன்னொரு விதி மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு வியப்பளிக்கும். ஸ்பிரிங் பாதுகாப்பு வால்வுக்கும் கலத்துக்கும் இடையே அடைப்பு வால்வு எதையும் வைப்பதில்லை. பராமரிப்புக்கு வசதி என்று ஒன்றை வைத்தால், என்றாவது யாராவது அதை மூடி மறந்துவிடுவார்கள். கட்டுப்பாட்டு அறையிலிருந்து இயக்கும் விடுவிப்பு வால்வுக்கு மட்டும் அடைப்பு வால்வு உண்டு. அது கோளாறானாலும் காக்கப் பாதுகாப்பு வால்வுகள் பின்னால் நிற்கின்றன.

திறப்பதைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்ட விதிகள், மூடுவதைப் பற்றி நெடுங்காலம் அதே அளவுக்குக் கவலைப்படவில்லை. 1977 செப்டம்பரில் ஓஹையோ மாநிலத்தின் டேவிஸ்-பெஸ்ஸி நிலையத்தில் அழுத்தச் சீராக்கியின் விடுவிப்பு வால்வு திறந்தபடியே நின்றது. உலை அப்போது முழுத்திறனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே ஓடிக்கொண்டிருந்தது. இயக்குநர்கள் இருபது நிமிடங்களில் கண்டுபிடித்து அடைத்துவிட்டார்கள். அந்தச் செய்தி அதே வகை உலையை இயக்கிய மற்றவர்களுக்குப் பாடமாகச் சேரவில்லை.

ஒன்றரை ஆண்டு கழித்து, 1979 மார்ச் 28 அதிகாலை 4 மணிக்கு, பென்சில்வேனியாவின் த்ரீ மைல் ஐலண்டு இரண்டாம் உலையில் நீராவிக் கலன்களுக்குத் தண்ணீர் தரும் பம்புகள் நின்றன. அழுத்தம் ஏறியது. மூன்று நொடியில், 2,255 பவுண்டில், விடுவிப்பு வால்வு திறந்தது. எட்டாம் நொடியில் உலை தானாக நின்றது. பதின்மூன்றாம் நொடியில் அழுத்தம் 2,205-க்கு இறங்கியது. அந்த இடத்தில் வால்வு மூடியிருக்க வேண்டும், மூடவில்லை. பலகையில் எரிந்துகொண்டிருந்த விளக்கு அணைந்தது. ஆனால் அந்த விளக்கு வால்வின் நிலையைக் காட்டும் விளக்கே இல்லை. வால்வைத் திறந்து பிடிக்கும் மின்காந்தச் சுருளுக்கு மின்சாரம் போகிறதா என்பதை மட்டும் அது காட்டியது. ‘மூடு’ என்ற கட்டளை போய்விட்டது என்று சொன்ன விளக்கை, மூடிவிட்டது என்று படித்துக்கொண்டார்கள்.

வேறு தடயங்கள் இல்லாமல் இல்லை. வால்வின் வெளிக்குழாயில் வெப்பமானி இருந்தது. அது 200 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் வால்வு திறந்திருப்பதாகக் கொள்ளவேண்டும் என்று அவசரகால நடைமுறையிலேயே எழுதியிருந்தது. அன்று அது 280-க்கு மேல் காட்டியது. ஆனால் அந்த வால்வு பல நாளாகவே கசிந்துகொண்டிருந்ததால், அந்தக் குழாய் சூடாக இருப்பது எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது. கால் மணி நேரத்தில் ஆவியை வாங்கிக்கொண்டிருந்த தொட்டி நிரம்பி, அதன் வெடிதகடு கிழிந்தது. அடுத்த ஷிப்டுக்கு வந்த ஒருவர் புதுக் கண்ணோடு பார்த்தபின்தான், 6 மணி 22 நிமிடத்துக்கு, அடைப்பு வால்வு மூடப்பட்டது. அதற்குள் சுற்றின் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான தண்ணீர் போய்விட்டது. எரிபொருளில் பாதியளவு உருகியது.

அணுமின் வால்வு விதிகளில் இந்த இரண்டேகால் மணி நேரம் மாற்றாத பகுதி குறைவு. வால்வின் நிலையை நேரடியாகக் காட்டவேண்டும் என்பது கட்டாயமாயிற்று. வால்வுத் தண்டின் அசைவை உணரும் கருவியும், வெளிக்குழாயில் ஆவி ஓடும் இரைச்சலைக் கேட்கும் ஒலியுணரியும் இப்படி வந்தவையே. அதே வகை உலைகளில் விடுவிப்பு வால்வின் திறப்பழுத்தம் 2,450 பவுண்டுக்கு உயர்த்தப்பட்டது. உலை நிற்கும் அழுத்தம் 2,355-இலிருந்து 2,300-க்குத் தாழ்த்தப்பட்டது. அதாவது முதலில் உலை நிற்கும், வால்வுக்கு வேலையே வராமல் போகலாம். அதுவரை சுத்தமான ஆவியை வைத்தே கணித்துவந்த வால்வுகளை, 1981 வாக்கில் ஆவியும் நீரும் கலந்த ஓட்டத்திலும் வெறும் நீரிலும் முழு அளவில் சோதித்தார்கள். சில வால்வுகள் தண்ணீர் வந்ததும் திறந்து மூடித் திறந்து மூடிப் படபடத்தன. அப்படிப் படபடக்கும் வால்வு தன் இருக்கையைத் தானே உடைத்துக்கொள்ளும்.

1982 ஜனவரி 25 அன்று நியூயார்க் மாநிலத்தின் ஜின்னா நிலையத்தில் நீராவிக் கலனின் குழாய் ஒன்று உடைந்தது. அழுத்தத்தைக் குறைக்க இயக்குநர்கள் திறந்த விடுவிப்பு வால்வு மீண்டும் மூட மறுத்தது. கோளாறு அதேதான், ஆனால் இம்முறை உடனே தெரிந்து, அடைப்பு வால்வு மூடப்பட்டது.

கொதிநீர் உலைகளின் தொல்லைகள் வேறு மாதிரி. 1972-இல் ஜெர்மனியின் வுர்காசன் நிலையத்தில் ஒரு வால்வு திறந்தபடி நின்று, ஆவி குளத்துக்குள் கொட்டிக்கொண்டே இருந்தது. குளம் சூடேறியதும் ஆவி சீராகக் குளிராமல் குமிழ்களாகத் திரண்டு உடைந்து, அந்த அதிர்வில் குளத்தின் அடித்தளம் சேதமடைந்தது. அதன்பின் ஆவிக்குழாய்களின் முனையில் பல துளைகள் கொண்ட பரப்பி பொருத்துவதும், குள நீருக்கு வெப்ப வரம்பு வைப்பதும் நடைமுறையாயின. பைலட் என்ற சிறு துணை வால்வின் உதவியோடு இயங்கும் வகைகளில் இன்னொரு நோய் உண்டு. மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும் அந்தத் துணை வால்வின் மூடித்தட்டு அரிப்பால் இருக்கையோடு ஒட்டிக்கொள்ளும். அதைப் பிரிக்கக் கூடுதல் அழுத்தம் தேவைப்படுவதால் வால்வு குறித்த அளவைத் தாண்டித்தான் திறக்கும். மூடியே இருக்கும் வால்வும் சும்மா இருப்பதில்லை. பாட்டிலின் வாயில் ஊதினால் எழும் ஒலியைப் போல, வால்வு நிற்கும் கிளைக்குழாயின் வாயைக் கடந்து விரையும் ஆவி அங்கே ஒலியதிர்வை எழுப்பும். இல்லினாய் மாநிலத்தின் குவாட் சிட்டீஸ் நிலையத்தில் 2002-இல் மின்திறனை உயர்த்தியபின் அந்த அதிர்வே உலைக்குள் இருந்த ஆவி உலர்த்தியில் விரிசல் விழக் காரணமாயிற்று.

வால்வைப் பிடித்திருக்கும் உலோகமும் விதிக்குள் வரும். தீயணைப்புக் குழாய் பிடிப்பவரைப் பின்னுக்குத் தள்ளுவதுபோல், பாயும் ஆவி வால்வையே எதிர்த்திசையில் உதைக்கும். 1970-இல் தென் கரோலினாவின் ராபின்சன் நிலையத்தில், இயக்கத்துக்கு முந்தைய சோதனையின்போது, பாதுகாப்பு வால்வைத் தாங்கிய குழாய் இணைப்பு ஆவிக்குழாயிலிருந்து முற்றாக முறிந்து ஏழு பேர் காயமடைந்தார்கள். அந்த எதிர்விசையையும் நிலநடுக்க அதிர்வையும் சேர்த்துத் தாங்கும்படி கணக்கிடுவது பின்னர் கட்டாயமானது.

சில விபத்துகளில் வால்வைத் திறந்து வைப்பதே உயிர்காக்கும் வழி. உலையின் உள்ளழுத்தம் தணிந்தால்தான், குறைந்த அழுத்தத்தில் இயங்கும் பம்பால் தண்ணீர் உள்ளே போகும். 1993 மார்ச் 31 அதிகாலை உத்தரப் பிரதேசத்தின் நரோரா நிலையத்தில் டர்பைன் இறக்கைகள் முறிந்து, ஹைட்ரஜன் தீப்பிடித்து, மின்கம்பிகள் எரிந்து, நிலையம் 17 மணி நேரம் மின்சாரமே இல்லாமல் கிடந்தது. இயக்குநர்கள் ஒரு நிமிடத்துக்குள் உலையை நிறுத்தி, நீராவி வெளியேற்று வால்வுகளைத் திறந்து உலையை வேகமாகக் குளிர்வித்தார்கள். பிறகு டீசல் தீயணைப்புப் பம்புகளால் நீராவிக் கலன்களுக்குத் தண்ணீர் ஏற்றினார்கள். வெளியே போனது இரண்டாம் சுற்றின் சாதாரண ஆவி. கதிரியக்கக் கசிவு இல்லை.

ஜப்பானின் புகுஷிமா நிலையத்தில் வால்வை அப்படி உடனே திறக்கும் வசதி கிட்டவில்லை. அங்கே வால்வைத் திறக்க 125 வோல்ட் நேர்மின்சாரமும் நைட்ரஜன் அழுத்தமும் தேவை. 2011 மார்ச் 11 சுனாமியில் மின்கலங்கள் மூழ்கின. 14-ஆம் தேதி, இரண்டாம் உலையின் வால்வுகளைத் திறக்க ஊழியர்கள் கார்களிலிருந்து கழற்றிய 12 வோல்ட் பேட்டரிகள் பத்தைத் தொடராக இணைத்தார்கள். முதல் முயற்சிகள் பலிக்கவில்லை. மாலை 6 மணியளவில் ஒருவழியாக அழுத்தம் இறங்கியபோது, தண்ணீர் ஏற்றக் காத்திருந்த தீயணைப்பு வண்டியில் டீசல் தீர்ந்திருந்தது. வால்வுகளுக்கெனத் தனியே வைக்கும் கையடக்க மின்கலங்களும் கூடுதல் நைட்ரஜன் உருளைகளும் இந்த அனுபவத்தின் பின்விளைவு. ஜப்பானிலேயே 1991-இல் மிஹாமா இரண்டாம் உலையில், குழாய் உடைந்த நேரத்தில் விடுவிப்பு வால்வு திறக்காமல் போயிருக்கிறது. வால்வில் பழுதில்லை; அதற்குக் காற்று தரும் குழாயை யாரோ மூடியபடி விட்டிருந்தார்கள்.

எனவே சோதனை முறைகள் வால்வோடு நில்லாமல் அதன் காற்றுக்குழாய், மின்கம்பி வரை நீள்கின்றன. அமெரிக்க விதிப்படி முதன்மைச் சுற்றின் ஒவ்வொரு பாதுகாப்பு வால்வும் பொதுவாக 5 ஆண்டுக்கு ஒருமுறையாவது சோதிக்கப்பட வேண்டும். எந்த 24 மாதத்திலும் ஐந்தில் ஒரு பங்கு முடிந்திருக்க வேண்டும். கழற்றிய வால்வை உள்ளபடியே, துடைத்துச் சரிசெய்யாமல், ஆவி மேடையில் ஏற்றி முதல் திறப்பு எத்தனை பவுண்டில் என்று குறித்துக்கொள்வார்கள். பழுதை மறைக்காத எண் அந்த முதல் எண்தான். குறித்த அளவிலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் விலகினால், அதே தொகுதியிலிருந்து இன்னும் இரண்டு வால்வுகளைக் கழற்றவேண்டும். தேறிய வால்வில் ஸ்பிரிங்கை இறுக்கும் திருகைக் கம்பியால் கட்டி ஈய முத்திரை வைப்பார்கள். முத்திரை அறுந்திருந்தால், வால்வு எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும், மறுபடி சோதனை மேடைக்கே போகும்.