தனுபியூ, 1825: மர அரணும் ஐராவதி ஆறும்

முதல் ஆங்கிலேய–பர்மியப் போரைப் (1824–26) பற்றிய நூல்கள் பலவும் தனுபியூவைப் பர்மியத் தளபதி மகா பந்துலாவின் மரணத்தோடு முடித்துவிடுகின்றன. தளபதி மாண்டார், கோட்டை விழுந்தது என்பதோடு கதை நின்றுவிடுகிறது. மூன்று வாரங்களுக்கு முன் அதே அரணின் முன்னால் ஆங்கிலேயர் தோற்றுப் பின்வாங்கியதற்கு அவற்றில் உரிய இடமில்லை. அந்தத் தோல்வியையும் பின்வந்த வெற்றியையும் சேர்த்து வாசித்தால், தனுபியூவில் நடந்தது ஐராவதி ஆற்றுக்கான போர் என்பது புலப்படும்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லலாம். போதவ்பயா மன்னர் 1784–85இல் அரக்கானைக் கைப்பற்றியதும் அகதிகள் கிழக்கிந்தியக் கம்பெனியின் சிட்டகாங் பகுதிக்குள் வந்து குவிந்தனர். எல்லைத் தகராறு முற்றி, 1823இல் நாஃப் ஆற்றின் ஷாபுரித் தீவில் மோதலாக வெடித்தது. 1824 மார்ச் 5 அன்று கவர்னர் ஜெனரல் ஆம்ஹர்ஸ்ட் போர் அறிவித்தார். மே மாதத்தில் ராமு என்னும் இடத்தில் பர்மியர் கம்பெனிப் படையை நொறுக்கியபோது கல்கத்தாவே கலங்கியது. ஆனால் அதற்குச் சில நாள்கள் முன்பே, மே 11 அன்று, ஆர்ச்சிபால்ட் கேம்பெல்லின் கடற்படையெடுப்பு ரங்கூனைப் பிடித்துவிட்டது. அரக்கானில் வென்ற பந்துலா, அடைமழையில் மலை கடந்து திரும்ப வேண்டியதாயிற்று.

ரங்கூனில் ஆங்கிலேயருக்குக் கிடைத்தது வெறும் ஊர். மக்கள் வெளியேறியிருந்தனர், அரிசி, மாடு, படகு எதுவும் மிஞ்சவில்லை. மழையும் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் படையைத் தின்றன. இந்தப் படையில் பெரும்பங்கு மெட்ராஸ் ராணுவத்தினுடையது. கடல் கடப்பதை வங்கச் சிப்பாய்கள் பலர் சாதி விலக்காகக் கருதினர். தரைவழியாகப் போக உத்தரவிடப்பட்டபோதும், மூட்டை சுமக்கும் மாடுகள் கிடைக்காதது உள்ளிட்ட குறைகளால் 1824 நவம்பரில் பாரக்பூரில் கலகம் மூண்டது. அது பீரங்கியால் அடக்கப்பட்டது. மெட்ராஸ் கவர்னர் தாமஸ் மன்றோ ஆளும் தானியமும் கப்பலேற்றிக்கொண்டே இருந்தார். அவருக்குப் பாரனெட் பட்டம் கிடைத்தது இந்தச் சேவைக்காகத்தான்.

டிசம்பரில் சுமார் 30,000 பேருடன் பந்துலா ரங்கூனைச் சூழ்ந்தார். அவர் செய்த பெரிய பிழை இது என்பது என் கணிப்பு. மர அரணுக்குள் இருந்து எதிரியைக் களைப்படையச் செய்வதே பர்மியரின் பலம். பீரங்கிக்கும் காங்கிரீவ் ராக்கெட்டுக்கும் எதிரே பெரும்படையாக நின்றது பலவீனம். தோற்ற பந்துலா எஞ்சிய படையுடன் ரங்கூனுக்கு வடமேற்கே ஐராவதிக் கரையிலுள்ள தனுபியூவுக்குப் பின்வாங்கி, தமக்குத் தெரிந்த போர்முறைக்கே திரும்பினார்.

ஆற்றங்கரையோரம் ஏறத்தாழ ஒரு மைல் நீளத்துக்குத் தேக்குமரங்களை நட்டு எழுப்பிய அரண் அது. வெளியே அகழியும் கூர்முனைத் தடைகளும், உள்ளே பீரங்கிகளும் இருந்தன. பிரதான அரணுக்கு முன்னால் சிறு அரண்களும் காவல் நின்றன. கேம்பெல் ஒரு படையுடன் தரைவழியே வடக்கே போனார். தனுபியூவைப் பிடிக்கும் பொறுப்பு ஆற்றுவழியே வந்த வில்லோபி காட்டனுடையது. 1825 மார்ச் 7 அன்று காட்டன் முதல் அரணைப் பிடித்தார். இரண்டாவது அரணிலிருந்து பாய்ந்த குண்டுகள் அவர் படையைத் திருப்பியடித்தன. படகுகளைக் காக்கவும் ஆள் வேண்டியிருந்ததால் தாக்குதலுக்கு அவர் கரையிறக்கியவர்கள் மிகக் குறைவு.

சில நாள்கள் கழித்தே கேம்பெலுக்குச் செய்தி எட்டியது. முன்னேறியிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். முடியாது: அவருடைய சோறும் வெடிமருந்தும் ஆற்றில்தான் வந்தாக வேண்டும், ஆறோ பந்துலாவின் பீரங்கிகளுக்குக் கீழே ஓடியது. வந்த வழியே திரும்பி, மார்ச் இறுதியில் அவர் அரணை முற்றுகையிட்டார். போரில் பயன்பட்ட முதல் நீராவிக்கப்பல் எனப்படும் 'டயானா' உள்ளிட்ட படகுகளும் வந்து சேர்ந்தன. பந்துலா போர் யானைகளுடன் வெளியேறித் தாக்கியும் முற்றுகை உடையவில்லை.

ஏப்ரல் 1 அன்று குண்டு வீச்சில் பந்துலா இறந்தார். தம் தகுதிக்குரிய குடையுடன், ஒளியாமல் அரணைச் சுற்றி வந்தபோது அவர் மடிந்ததாகப் பர்மிய மரபு சொல்லும். அன்றிரவே காவற்படை கலைந்துவிட, மறுநாள் ஆங்கிலேயர் பெரும் எதிர்ப்பின்றி உள்ளே நுழைந்தனர். அரண் உடைபடவில்லை. பர்மாவை ஆண்ட கொன்பாங் வம்சத்தின் ராணுவக் கட்டுப்பாடு தளபதி என்ற தனிமனிதரைச் சார்ந்திருந்தது. அவர் போனதும் அரணை வைத்துக்கொள்ள யாருமில்லை.

அந்த மாதமே ஆற்றின் மேற்பகுதியிலுள்ள புரோம் நகரம் வீழ்ந்தது. போர் 1826 பிப்ரவரி 24இல் யந்தபோ உடன்படிக்கையோடு முடிந்தது. அரக்கானையும் தெனாசெரிமையும் விட்டுக்கொடுத்து, அஸ்ஸாம் மீதான உரிமையையும் துறந்து, ஒரு கோடி ரூபாய் இழப்பீட்டுக்கும் பர்மா ஒப்புக்கொண்டது. கம்பெனித் தரப்பில் இறந்தவர்கள் சுமார் 15,000 பேர். அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது நோய். நமக்குக் கிடைக்கும் விவரணைகளோ கேம்பெலின் செயலராக இருந்த ஸ்நாட்கிராஸ் போன்ற அதிகாரிகள் எழுதியவை. மாண்ட மெட்ராஸ் சிப்பாய்களை அறிய, எழும்பூர் ஆவணக் காப்பகத்திலுள்ள மெட்ராஸ் ராணுவத் துறைப் பதிவேடுகளைத் தமிழ் ஆய்வாளர்கள் புரட்ட வேண்டும்.