அட்லாண்டிக் லைனர் கப்பல்கள்: பயணமும் ஏக்கமும்

ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் இடையே, குறித்த தடத்தில், குறித்த நாளில் பயணிகளையும் தபாலையும் ஏற்றிச்சென்ற பெருங்கப்பல்களுக்கு லைனர் என்று பெயர். உல்லாசக் கப்பல் கடலைச் சுற்றிக்காட்டிவிட்டுப் புறப்பட்ட துறைமுகத்துக்கே திரும்பிவிடும். லைனர் ஒரு கரையில் ஏற்றி மறுகரையில் இறக்கும். அதன் வேலை அதுதான். 20ஆம் நூற்றாண்டின் முதல் 40 ஆண்டுகளை இக்கப்பல்களின் பொற்காலம் என்று சொல்வது வழக்கம். அந்தக் காலத்தின் மீது பின்னால் வந்தவர்களுக்கு உண்டான ஏக்கத்துக்கும் தனியே ஒரு வரலாறு இருக்கிறது. கப்பல்கள் ஓடிக்கொண்டிருந்தபோதே அந்த ஏக்கம் தொடங்கிவிட்டது.

கதையின் தொடக்கம் ஆடம்பரமல்ல, நேரந்தவறாமை. 1818 ஜனவரி 5 அன்று 'ஜேம்ஸ் மன்றோ' என்ற பாய்மரக் கப்பல் நியூயார்க்கிலிருந்து லிவர்பூலுக்குக் கொட்டும் பனியில் புறப்பட்டது. சரக்கு நிறையும்வரை காத்திருப்பதுதான் அதுவரை கப்பல்களின் வழக்கம். பிளாக் பால் நிறுவனத்தாரோ நாளை முன்பே அறிவித்து, அறிவித்த நாளில் கப்பலை விட்டார்கள். 1838இல் 'சிரியஸ்', 'கிரேட் வெஸ்டர்ன்' என்ற நீராவிக் கப்பல்கள் ஒரு நாள் இடைவெளியில் நியூயார்க் வந்து சேர்ந்தன. 1840இல் ஹாலிஃபாக்ஸைச் சேர்ந்த சாமுவேல் குனார்டு, பிரிட்டிஷ் தபால் ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு 'பிரிட்டானியா'வை ஓட்டத் தொடங்கினார். 1842இல் அதில் பயணித்த சார்லஸ் டிக்கன்ஸ் தமக்குக் கிடைத்த அறையின் சிறுமையைத் தம் அமெரிக்கப் பயண நூலில் கேலி செய்திருக்கிறார். திரும்பும்போது அவர் நீராவிக் கப்பலையே நாடவில்லை. பாய்மரக் கப்பலில் ஊர் வந்து சேர்ந்தார்.

அடுத்த 80 ஆண்டுகள் இக்கப்பல்களுக்குச் சோறு போட்டவர்கள் கோடீசுவரர்கள் அல்லர். அயர்லாந்து, ஜெர்மனி, இத்தாலி, ரஷ்யப் பேரரசு ஆகிய இடங்களிலிருந்து கிளம்பிய குடியேறிகள்தான். கப்பலின் அடித்தட்டில் 'ஸ்டீரேஜ்' எனப்பட்ட பகுதியில் அடுக்குப் பலகைகளில் படுத்துவந்தார்கள். ஒவ்வொருவரும் கொடுத்த கட்டணம் சிறிது, கூட்டம் பெரிது. 1892இல் திறந்த எல்லிஸ் தீவுக் குடிநுழைவு நிலையத்தின் வழியாக, 1954இல் அது மூடப்படும்வரை, 1 கோடியே 20 லட்சம் பேர் அமெரிக்காவுக்குள் நுழைந்தனர். 1907ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 10 லட்சம் பேர். முதல் இரண்டு வகுப்பினரைக் கப்பலிலேயே ஒப்புக்குப் பார்த்து அனுப்பிவிடுவார்கள். அடித்தட்டுக்காரர்கள் படகேறித் தீவுக்குப் போய், மருத்துவர் கண்ணிமையைப் புரட்டிப் பார்ப்பதற்காக வரிசையில் நிற்க வேண்டும்.

அதே ஆண்டுகளில் நாடுகளுக்கிடையே வேகப்போட்டியும் சூடுபிடித்தது. அட்லாண்டிக்கை மிக விரைவாகக் கடந்த கப்பலுக்கு 'நீலப் பட்டை' என்ற பெருமை உண்டு. 1897இல் ஜெர்மனியின் நான்கு புகைபோக்கிக் கப்பல் 'கைசர் வில்ஹெல்ம் டெர் குரோஸ' அதைப் பறித்தது பிரிட்டனுக்கு உறுத்தியது. அரசு கடன் கொடுக்க, குனார்டு நிறுவனம் 1907இல் 'லூசிட்டானியா', 'மாரிட்டேனியா' என்ற இரட்டையரை இறக்கியது. சார்லஸ் பார்சன்ஸின் நீராவி டர்பைன் அவற்றுக்கு உயிர். 1909இல் பட்டையைத் தன்வசப்படுத்திய 'மாரிட்டேனியா' 20 ஆண்டுகள் அதை விடவில்லை. ஒரு நாள் ஓட்டத்துக்கு ஏறக்குறைய 1,000 டன் நிலக்கரி வேண்டும். அதை வாரி உலையில் போட 300க்கும் மேற்பட்ட ஆட்கள் முறைவைத்து வேலை செய்தார்கள். மேல்தளத்தில் இசைக்குழு வாசித்தது அவர்கள் காதில் விழுந்திருக்க வாய்ப்பில்லை. முதல் உலகப் போருக்குப் பின் கப்பல்கள் எண்ணெய்க்கு மாறியதும் அந்த வேலையாட்களில் பெரும்பாலோர் ஒரேயடியாகக் காணாமல் போனார்கள். 'ஒலிம்பிக்' கப்பலின் கொதிகலன் அறையில் சுமார் 350 பேர் செய்த வேலைக்கு 60 பேர் போதுமென்றாயிற்று.

1912 ஏப்ரலில் 'டைட்டானிக்' மூழ்கி 1,500க்கும் மேற்பட்டோர் இறந்தனர். முதல் வகுப்பில் ஐந்தில் மூவர் பிழைத்தார்கள். மூன்றாம் வகுப்பில் நால்வரில் ஒருவர். 1915 மே மாதம் ஜெர்மன் நீர்மூழ்கி 'லூசிட்டானியா'வைத் தகர்த்தது.

பொற்காலத்தின் பிற்பாதியை உண்டாக்கியது உண்மையில் ஒரு நெருக்கடி என்றால் வியப்பாக இருக்கும். 1921, 1924 ஆண்டுகளின் அமெரிக்கச் சட்டங்கள் குடியேறிகளுக்கு நாட்டுவாரியாக வரம்பு கட்டின. அடித்தட்டு காலியானது. பிழைப்புக்கு வழி தேடிய நிறுவனங்கள் அந்த இடத்தைத் தட்டிக்கொட்டிச் சுவருக்கு வண்ணமடித்து, 'டூரிஸ்ட் தேர்டு' என்று புதுப்பெயர் சூட்டி, கோடை விடுமுறையில் பாரிஸ் பார்க்கப்போகும் மாணவருக்கும் ஆசிரியருக்கும் விற்றன. கூடவே அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. அமெரிக்கக் கொடி பறந்த கப்பலில் குடிக்க முடியாது. பிரெஞ்சு, பிரிட்டிஷ் கப்பல்களில் தடையில்லை. எந்தக் கப்பலில் ஏறுவது என்பதைப் பலருக்கு இதுவே தீர்மானித்தது. இன்றைக்கு நாம் ஏலத்தில் விலை கொடுத்து வாங்கும் அழகழகான சுவரொட்டிகள் எல்லாம், காலியான படுக்கைகளை நிரப்பவேண்டிய தவிப்பில் அச்சடிக்கப்பட்டவை.

பயணத்துக்கென்று ஒரு சடங்கொழுங்கும் உருவாயிற்று. புறப்படும் நாளில் நண்பர்கள் கப்பலேறி விருந்துண்டு, மணி அடித்ததும் இறங்குவார்கள். கப்பலுக்கும் கரைக்குமாக வண்ணக் காகித நாடாக்கள் நீண்டு அறும். முதல் இரவு விருந்துக்கு முறையுடை வேண்டாம், மற்ற இரவுகளில் பெரும்பாலும் கட்டாயம். காலை 11 மணிக்கு மேல்தளச் சாய்வு நாற்காலியில் கம்பளி போர்த்தி அமர்ந்திருப்பவரிடம் சூடான சூப் வரும். அன்று கப்பல் எத்தனை மைல் ஓடியது என்பதற்குப் பந்தயம் கட்டுவார்கள். மேற்கே போகும்போது தினமும் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளவேண்டும். நாள் 25 மணி நேரமாக நீளும். அந்தக் காலத்தவர் நினைவுகளில் நெடுங்காலம் தங்கியது தங்கமுலாமைவிட இந்த உபரி மணி நேரம்தானோ என்று தோன்றுகிறது.

உச்சம் 1935இல் வந்த பிரெஞ்சுக் கப்பல் 'நார்மண்டி'. ரஷ்யாவிலிருந்து பெயர்ந்துவந்த விளாதிமிர் யூர்கேவிச் வரைந்த உடலமைப்பு. 300 மீட்டருக்கு மேல் நீளம். சாளரமே இல்லாமல் லலிக் கண்ணாடி விளக்குகளின் ஒளியில் மின்னிய 93 மீட்டர் உணவுக்கூடம். கப்பலில் 848 பேருக்கு முதல் வகுப்பு, 454 பேருக்குத்தான் மூன்றாம் வகுப்பு. குடியேறிகளை நம்பிய பழைய கணக்கு தலைகீழானது. அரசு மானியம் இல்லாமல் அது ஓடியிருக்காது. மறுகரைப் போட்டியாளரான 'குயின் மேரி'யும் அரசுக் கடனில்தான் கரையேறியது: பொருளாதார மந்தத்தால் 1931 டிசம்பரில் கிளைடுபேங்கில் நின்ற வேலை, 1934 ஏப்ரலில்தான் மீண்டும் தொடங்கியது.

எல்லாக் கப்பல்களும் இப்படி மின்னவில்லை. குனார்டின் 'சமாரியா' போன்ற சாதாரணக் கப்பல்கள்தான் பெரும்பான்மை. 1937 அக்டோபர் 2 அன்று நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்கு அந்தச் 'சமாரியா'வில் போய்க்கொண்டிருந்த பயண எழுத்தாளர் ஏ.கே. செட்டியாருக்குத்தான் காந்தியைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்கவேண்டும் என்ற எண்ணம் உதித்தது. படம் 1940இல் தமிழில் வெளிவந்தது.

இரண்டாம் உலகப் போர் இந்தக் கப்பல்களுக்குச் சாம்பல்நிறம் பூசியது. 1943 ஜூலையில் 'குயின் மேரி' ஒரே பயணத்தில் 16,683 பேரைச் சுமந்தது. 'நார்மண்டி'யின் முடிவு பரிதாபம். 1942 பிப்ரவரி 9 அன்று நியூயார்க் துறையில் படைக்கப்பலாக மாற்றும் வேலையின்போது வெல்டிங் பொறி உயிர்காப்பு அங்கிகளில் பற்றியது. தீயணைக்க இறைத்த நீரின் பாரத்தாலேயே கப்பல் சாய்ந்து கவிழ்ந்தது. ஓடிவந்த யூர்கேவிச்சைக் காவலர்கள் உள்ளே விடவில்லை.

போருக்குப் பின் ஒரு நீண்ட மாலைப்பொழுது. 1952இல் வில்லியம் பிரான்சிஸ் கிப்ஸ் வடிவமைத்த 'யுனைடெட் ஸ்டேட்ஸ்' 3 நாள் 10 மணி 40 நிமிடத்தில் கிழக்கே கடந்தது. தீக்கு அஞ்சிய கிப்ஸ், பியானோவையும் இறைச்சி வெட்டும் கட்டையையும் தவிர மரமே வைக்கவில்லை என்பார்கள். 1958 அக்டோபரில் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக் சேவையைத் தொடங்கின. ஐந்து நாள் என்பது பகலோ இரவோ ஒன்றாகச் சுருங்கியது. 1969இல் 'யுனைடெட் ஸ்டேட்ஸ்' ஓய்ந்தது. 1974இல் 'ஃபிரான்ஸ்' நிறுத்தப்பட்டபோது ஊழியர்களே கப்பலைக் கைப்பற்றிப் போராடினார்கள். அடுத்த ஆண்டு மிஷல் சர்து அந்தக் கப்பலே குரலெடுத்துப் புலம்புவதாகப் பாடிய பாட்டு நாடெங்கும் ஒலித்தது.

ஏக்கத்தின் தொடக்கத்தை 1935இல் வைக்கலாம். அந்த ஆண்டு 'மாரிட்டேனியா'வும் 'ஒலிம்பிக்'கும் உடைப்புக்குப் போயின. மரவேலைப்பாடுகளை மக்கள் ஏலத்தில் அள்ளினார்கள். 'ஒலிம்பிக்'கின் பலகைகளை இங்கிலாந்தின் ஆல்னிக் ஊரில் ஒயிட் ஸ்வான் ஓட்டலில் இன்றும் காணலாம். அமெரிக்காவில் நீராவிக் கப்பல் வரலாற்றுச் சங்கம் பிறந்ததும் அதே ஆண்டில்தான். சிறுவயதில் 'ஒலிம்பிக்'கில் பயணம் செய்த வால்டர் லார்டு, 1955இல் 'டைட்டானிக்' பற்றி எழுதிய நூல் அந்தக் கப்பலைப் பொதுநினைவுக்கு மீட்டுவந்தது. 1972இல் ஜான் மேக்ஸ்டன்-கிரஹாம் லைனர் வாழ்க்கையைப் பற்றி நூல் வெளியிட்டார். ஹாங்காங்கில் 'குயின் எலிசபெத்' எரிந்து சாய்ந்த ஆண்டும் அதுவே. 1985இல் 'டைட்டானிக்' சிதைவு கண்டுபிடிக்கப்பட்டதும், 1997இன் திரைப்படமும் மிச்சத்தைச் செய்தன. அக்கப்பலின் இசைக்குழுத் தலைவர் வாலஸ் ஹார்ட்லியின் வயலின் 2013இல் 9 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போயிற்று.

இந்த ஏக்கம் ஒன்றல்ல, இரண்டு. ஒன்று உணவுப்பட்டியலையும் பெட்டி ஒட்டுச்சீட்டையும் சேகரிக்கிறது. முதல் வகுப்பில் தன்னை உட்காரவைத்துப் பார்க்கிறது. மற்றொன்று 1990இல் அருங்காட்சியகமாகத் திறந்த எல்லிஸ் தீவுக்குப் போய்ப் பயணிகள் பட்டியலில் தாத்தாவின் பெயரைத் தேடுகிறது. அங்கே அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்று குடும்பங்கள் தலைமுறையாகச் சொல்லிவருவது சரியல்ல. பட்டியலை எழுதியவர்கள் புறப்பட்ட துறைமுகத்தில் கப்பல் நிறுவனத்தார். தீவில் அதைச் சரிபார்த்ததோடு சரி. பெரும்பாலும் குடியேறியவர்களே பின்னாளில் பெயரை மாற்றிக்கொண்டார்கள். விளம்பரங்களில் வருவது முதல் ஏக்கம் மட்டுமே.

எஞ்சிய கப்பல்களின் கதி பலவிதம். 1967இல் கலிபோர்னியாவின் லாங் பீச்சுக்குப் போய்ச்சேர்ந்த 'குயின் மேரி' அங்கேயும், 'குயின் எலிசபெத் 2' துபாயிலும் ஓட்டல்களாக நிற்கின்றன. 'ஃபிரான்ஸ்' பெயர்மாறி உல்லாசக் கப்பலாக உழைத்து, 2006இல் குஜராத்தின் அலங் கடற்கரைக்கு வந்தது. அதன் கல்நார் பற்றிய வழக்கு உச்சநீதிமன்றம்வரை போய், 2007இல் உடைக்க அனுமதி கிடைத்தது. பிலடெல்பியாவில் 1996 முதல் துருவேறிக்கொண்டிருந்த 'யுனைடெட் ஸ்டேட்ஸ்', செயற்கைக் கடற்பாறைத்திட்டாக மூழ்கடிப்பதற்காக 2025 பிப்ரவரியில் இழுத்துச்செல்லப்பட்டது.

லைனராகவே கட்டப்பட்டு இன்று அட்லாண்டிக்கில் சேவை செய்வது 2004இல் வந்த 'குயின் மேரி 2' ஒன்றே. சவுத்தாம்டனிலிருந்து நியூயார்க்குக்கு அது வழக்கமாக 7 இரவுகள் எடுத்துக்கொள்கிறது. 1909இன் 'மாரிட்டேனியா'வைவிட மெதுவான ஓட்டம். அவசரக்காரர்கள் யாரும் அதில் ஏறுவதில்லை. மேற்குப் பயணத்தில் ஐந்து இரவுகள் கடிகாரம் இன்றும் ஒரு மணி நேரம் பின்னுக்குப் போகிறது.