தோல் பாதுகாப்பு: கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலைப் பகுதி

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் தோலுக்கு வரும் காயங்களும் நோய்களும் பெரும்பாலும் செய்யும் தொழிலை ஒட்டியே வருகின்றன. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்த இம்மாவட்டத்தின் சமவெளியில் கரும்பு, நெல், மரவள்ளி பயிராகின்றன. மேற்கே கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடியினர் சாமை, தினை விளைவிக்கிறார்கள், கடுக்காய் பொறுக்குகிறார்கள். கரும்புக் கொல்லையில் கை கிழியும், சேற்று வயலில் கால்விரல் இடுக்கு புண்ணாகும், காட்டில் பூச்சி கடிக்கும்.

மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் கூட்டுறவு ஆலைகளுக்குப் போகும் கரும்பு பெரும்பாலும் கைவெட்டுதான். தோகையின் ஓரம் அரம் போல அறுக்கும். மணிக்கட்டு முதல் முழங்கை வரை மெல்லிய கீறல்கள் விழுந்து, வியர்வை பட்டதும் எரியும். அதோடு சுணையும் ஒட்டிக்கொள்ளும். பெண்கள் சேலைக்கு மேல் வீட்டு ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டி, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு இறங்குவது இதற்காகத்தான். கடையில் விற்கும் எந்தக் களிம்பையும்விட இந்தச் சட்டை மேல்.

அரிவாள் வெட்டு வேறு கணக்கு. சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான இரத்தக் கசிவு நின்றுவிடும். பிறகு ஓடும் நீரிலும் சோப்பிலும் கழுவ வேண்டும். காபித்தூள், சுண்ணாம்பு வைத்து அடைப்பது புண்ணைச் சீழ் பிடிக்க வைக்கும். வரப்போரம் முளைக்கும் வெட்டுக்காயப்பூண்டைக் கசக்கிப் பிழிவது பழைய வழக்கம். ஆனால் கழுவாத இலையோடு வயல் மண்ணும் காயத்துக்குள் போகிறது; இரணஜன்னிக் கிருமியின் இருப்பிடமே மண்தான். அழுக்கான காயம் பட்டு, கடைசித் தடுப்பூசி போட்டு ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓர் ஊசி போட்டுக்கொள்வது அவசியம். வாய் பிளந்த வெட்டுக்குச் சில மணி நேரத்துக்குள் தையல் வேண்டும்.

வெல்லப்பாகு தெறித்தாலும் விறகடுப்பு சுட்டாலும் முதல் மருந்து தண்ணீர். சாதாரணத் தண்ணீரை இருபது நிமிடம் ஓடவிட வேண்டும். பற்பசை, பேனா மை, பனிக்கட்டி எதுவும் ஆகாது. கொப்புளத்தை உடைக்கவும் கூடாது.

மலைக்காட்டில் செந்தட்டியும் பூனைக்காலிக் காயும் பட்ட இடம் அரிக்கும். தேய்த்தால் சுணை இன்னும் உள்ளே இறங்கும். ஒட்டும் டேப்பை அழுத்தி உரித்தெடுத்துவிட்டுக் கழுவலாம். கம்பளிப்பூச்சி மயிருக்கும் இதே வழிதான். சேராங்கொட்டைப் பால் பட்டால் கொப்புளித்துக் கருக்கும். முந்திரிக் கொட்டைத் தோட்டின் எண்ணெய் கையைப் பொசுக்குவதும் இதே வகை. இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். மழைக்காலத்தில் விளக்கடிக்கு வரும் ‘ஆசிட் பூச்சி’யை நசுக்காமல் ஊதித் தள்ள வேண்டும். அது கடிப்பதில்லை, நசுங்கும்போது வெளிவரும் நீர்தான் தோலில் கோடு கோடாகப் புண்ணாக்குகிறது.

இங்கே மிகவும் கவனிக்க வேண்டிய புண் வலிக்கவே வலிக்காது. புதரிலும் புல்லிலும் இருக்கும் நுண்ணிய உண்ணியின் இளம்பூச்சி கடித்த இடத்தில், சிகரெட் சுட்டது போன்ற கறுத்த பொருக்கு ஒன்று உண்டாகும். அக்குள், தொடையிடுக்கு, மார்பின் அடிப்பகுதி, இடுப்புத் துணி இறுகும் இடம் என்று மறைவாகவே இருப்பதால் நோயாளிக்கே தெரியாது. ஒரு வாரம் கழித்துக் கடுங்காய்ச்சலும் தலைவலியும் வரும். இதுதான் உண்ணிக் காய்ச்சல் எனப்படும் ஸ்க்ரப் டைஃபஸ். டாக்சிசைக்ளின் என்ற மலிவான மாத்திரையில் இரண்டொரு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். தாமதித்தால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் பாதித்து உயிரையே பறிக்கலாம். விறகு பொறுக்கவோ மாடு மேய்க்கவோ போய்வந்தவருக்குக் காய்ச்சல் என்றால் உடம்பு முழுக்கப் பொருக்கைத் தேடிப் பார்ப்பது நல்ல மருத்துவரின் பழக்கம்.

சமவெளியின் பெருந்தொல்லை படர்தாமரை. வெயில், வியர்வை, ஈரம் காயாத உள்ளாடை, இறுக்கமான ஜீன்ஸ் எல்லாம் அதற்குத் தோது. நோயைவிடப் பெரிய சிக்கல், ‘அரிப்புக்கு ஒரு ட்யூப் கொடுங்க’ என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் கலவைக் களிம்பு. அதில் குளோபெட்டசால் போன்ற வீரியமான ஸ்டீராய்டு இருக்கும். இரண்டே நாளில் அரிப்பு அடங்கும், வட்டம் மங்கும், பூஞ்சை மட்டும் உள்ளே நிம்மதியாகப் பரவும். நிறுத்தினால் முன்னைவிட வேகமாகக் கிளம்பும். தொடையிடுக்கில் தோல் மெலிந்து கோடுகள் விழும். சிவப்பழகுக்கென்று இதையே முகத்தில் பூசுவோரும் உண்டு. இத்தகைய களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்பதற்கு 2018இல் மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. கடை மேசையில் அது எவ்வளவு மதிக்கப்படுகிறது என்பது ஊரறிந்தது. ஸ்டீராய்டு கலக்காத பூஞ்சைக்கொல்லியை, வட்டம் மறைந்த பிறகும் இரண்டு வாரம் தடவ வேண்டும். துணிகளைத் தனியே துவைத்து வெயிலில் காயப்போட வேண்டும்.

விரலிடுக்கிலும் இடுப்பிலும் இரவில் அரித்தால் சொறி சிரங்கு எனச் சந்தேகிக்கலாம். பாய்கள் நெருங்கிக் கிடக்கும் வீட்டிலும் விடுதியிலும் அது ஒருவரோடு நிற்பதில்லை. பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்து முதல் பாதம் வரை வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே இரவில் பூசி, ஒரு வாரம் கழித்து மீண்டும் பூச வேண்டும்.

அக்கிக்குக் குயவரிடம் காவியால் எழுதிக்கொள்வதில் பெரிய கேடில்லை, அதற்காகக் காத்திருப்பதில்தான் கேடு. அசைக்ளோவிர் முதல் மூன்று நாளுக்குள் தொடங்கினால்தான் நன்கு வேலை செய்யும். கண்ணருகே வந்த அக்கி பார்வையைக் கெடுக்கலாம்.

வெள்ளிமலையிலிருந்து மலைப்பாதை இறங்கி, 2022இல் திறக்கப்பட்ட சிறுவங்கூர் அரசு மருத்துவக் கல்லூரிக்கு வர ஒரு நாள் கூலி போய்விடும். அதனால் மலைக்கிராமங்களில் தோலில் வரும் படையைத் தேமல் என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். வெளிறிய அல்லது சிவந்த படையைப் பஞ்சு நுனியால் தொட்டுப் பார்க்கலாம். தொடுவது தெரியவில்லை என்றால் அது தொழுநோயாக இருக்கலாம். கூட்டுமருந்து அரசு சுகாதார நிலையங்களில் இலவசம். வகையைப் பொறுத்து ஆறு அல்லது பன்னிரண்டு மாதம் சாப்பிட வேண்டும். மருந்து தொடங்கியதுமே பிறருக்குத் தொற்றும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடுவதால் நோயாளியைத் தனித்து வைக்க வேண்டியதில்லை.