இறப்பர்த் தாளும் அரிசி மூடையும்

வணிக உடன்படிக்கை ஒன்றில் விலை எத்துணை முதன்மை வாய்ந்ததோ, பொருளின் தரத்தை வரையறுக்கும் வாசகமும் அத்துணை முதன்மை வாய்ந்தது. விற்போன் அனுப்புவதும் வாங்குவோன் எதிர்பார்ப்பதும் ஒன்றாதல் வேண்டுமெனின், தரம் யாதென முன்னரே இரு திறத்தாரும் ஒப்புதல் வேண்டும். மாத்தளை மலைகளில் விளைந்த இறப்பரின் வரலாறு இதற்குச் சான்றாகும்.

1869ஆம் ஆண்டு இலங்கையிற் காணப்பட்ட இலைநோய் காப்பிப் பயிரை அழித்தது. 1876இல் பிரேசில் நாட்டு இறப்பர் விதைகளிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்த கன்றுகள் இலங்கையை அடைந்து, ஹெனரத்கொடையில் நடப்பட்டன. பின்னர் மாத்தளையின் உக்குவளை முதலிய பகுதிகளிலும் இறப்பர் பரவிற்று. காப்பிக் காலத்தில் மன்னார்க் கரையிலிருந்து தம்புள்ளை வழியாக நடந்து வந்த தமிழ்த் தொழிலாளரின் சந்ததியினர் பலர் இறப்பர்த் தோட்டங்களிற் பால் வெட்டினர்.

கொரியப் போர்க் காலத்தில் அரிசி விலை உயர்ந்தது. நாடு உணவுத் தட்டுப்பாட்டால் வாடியது. சீனாவுக்குப் போர்த்தளவாட ஆக்கத்துக்குப் பயன்படும் பொருள்களை அனுப்பலாகாது என ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1951 மே மாதத்தில் தீர்மானித்திருந்தது. இலங்கையோ அப்போது அச்சபையின் உறுப்பு நாடன்று. வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்காவின் முயற்சியால் 1952 டிசம்பர் 18இல் பீக்கிங்கில் ஐந்தாண்டு உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. ஆண்டுதோறும் 50,000 மெற்றிக் தொன் தாள் இறப்பர் செல்லும். 270,000 மெற்றிக் தொன் அரிசி வரும்.

புகையூட்டிய தாள் இறப்பரை ஒன்று முதல் ஐந்து வரை தரப்படுத்துதல் உலக வணிக மரபு. வடிகட்டிய பாலை அமிலமிட்டு உறையவைத்து, உருளைகளிடையே தாளாக்கி, புகைக்கூட்டில் உலர்த்துவர். பின்னர்த் தாளை ஒளியில் உயர்த்திப் பிடித்துப் பார்ப்பர். மணல், கறை, பெருங்குமிழி ஆகியன இருப்பின் தரம் தாழும். தரம் தாழின் விலையும் தாழும். பாற்கிண்ணத்தில் வீழ்ந்த ஒரு மரப்பட்டைத் துணுக்கும் இக்கணிப்பிற் புகும். எனவே, அமைச்சர் ஒப்பமிட்ட வாசகத்தைக் காத்தவர்கள் விடியற்காலையில் மலையேறிய தொழிலாளரே.

அவர்தம் நிலை யாது? 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் அவருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1949இல் வாக்குரிமையும் இழந்தனர். நாட்டுக்குச் சோறு தேடித் தந்த கைகளுக்கு நாட்டில் உரிமை இல்லை. இறப்பருக்கு ஐந்து தரம் வகுத்த உலகம், அதனை ஆக்கியோரின் வாழ்வுக்குத் தரமொன்று வகுக்கவில்லை.

காலப்போக்கில் கண்ணளவைக்கு ஆய்வுகூடம் துணையாயிற்று. இலங்கையில் 1964ஆம் ஆண்டுச் சட்டத்தால் தர நிர்ணயப் பணியகம் தோன்றியது. 1965இல் மலேசியா அழுக்கு, சாம்பல் ஆகியவற்றின் அளவைச் சோதித்து இறப்பரைத் தரப்படுத்தலாயிற்று. அளவைகள் நுண்மையுற்றன. எனினும் பொருளின் தரம் அதனை ஆக்குவோரின் நேர்மையிலும் கவனத்திலுமே தொடங்குகின்றது என்பதும், அக்கவனத்துக்குரிய மதிப்பை அவர்க்களித்தல் சமுதாயத்தின் கடன் என்பதும் மாத்தளை இறப்பர் நமக்கு உணர்த்தும் பாடமாகும்.